பழைய சாமானில் குட்டி டெஸ்லா சுருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரேடியோ, காத்தாடி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பட்டணத்துப் பிள்ளைகளும் சுற்றுத் தோட்டங்களில் இருக்கும் பிள்ளைகளும் பள்ளி விட்டதும் வந்து, கழித்துப் போட்ட சாமான்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். அவர்கள் அதிகம் கேட்பது இந்தக் குட்டி டெஸ்லா சுருளைப் பற்றித்தான். விரல் நீளச் செம்புச் சுருள், மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். பக்கத்தில் கொண்டுபோனால் ஒயரே இல்லாமல் டியூப் லைட் எரியும். பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் எந்த இடத்திலும் சுவர் பிளக்கின் 240 வோல்ட்டை நேராகத் தொடப்போவதில்லை. அந்த ஒன்றை மட்டும் யாரும் மாற்றிச் செய்யக் கூடாது.

அண்ணே, இது நிஜமான டெஸ்லா சுருள்தானா?

நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம். நிக்கோலா டெஸ்லா 1891-இல் அமெரிக்காவில் காட்டிய சுருளில் இரண்டு மின்சுற்றுகள் இருந்தன. ஒரு மின்தேக்கியில் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) உயர் வோல்ட் மின்சாரத்தைச் சேர்த்து, தீப்பொறி இடைவெளி வழியாக அதை முதல் சுருளுக்குள் ஒரேயடியாகக் கொட்டுவார். இரண்டாம் சுருள் அதே அதிர்வெண்ணில் ஒத்திசைந்து (சரியான நேரத்தில் தள்ளும் ஊஞ்சல் மாதிரி சேர்ந்து ஆடி) பல மடங்கு வோல்ட்டை எழுப்பும். 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவர் கட்டியது ஒரு கட்டடத்தையே நிரப்பிய சுருள்.

நாம் செய்வதில் தீப்பொறி இடைவெளியும் கிடையாது, உயர் வோல்ட் மின்தேக்கியும் கிடையாது. அந்த வேலையை ஒரு டிரான்சிஸ்டர் செய்கிறது. இணையத்தில் இதை ஸ்லேயர் எக்ஸைட்டர் என்பார்கள். ஆனால் ஒத்திசைவு என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். அதனால் டெஸ்லா சுருள் என்று கூப்பிடுவதில் தப்பில்லை. ஆசிரியர் கேட்டால் மட்டும் வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்? எங்கே கிடைக்கும்?

ஒரு என்பிஎன் வகை டிரான்சிஸ்டர் (எவை என்று கீழே சொல்கிறேன்), ஒரு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் (சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு), ஒரு எல்இடி, மெல்லிய எனாமல் செம்புக் கம்பி ஏறக்குறைய 20 மீட்டர், அரை மீட்டர் தடித்த ஒயர், 20 மில்லிமீட்டர் வெள்ளை பிவிசி குழாய் ஒரு துண்டு, 9 வோல்ட் பேட்டரி.

குழாய், வீட்டு ஒயரிங் செய்பவர்கள் சுவரில் அடிக்கும் அதே குழாய்தான். அவர்கள் வெட்டிப் போட்ட மிச்சமே போதும். தடித்த ஒயரையும் அவர்களிடமே கேட்கலாம். எல்இடிக்கு, போன தீபாவளிக்குக் கட்டி இப்போது பாதி எரியாத விளக்குச் சரத்தைப் பாருங்கள். அதில் எத்தனையோ நல்ல எல்இடிகள் மிச்சம் இருக்கும். டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் பழைய கையடக்க ரேடியோ, கேசட் பிளேயர், கணினி ஸ்பீக்கர், ரிமோட் பொம்மைக் கார் இவற்றின் பலகைகளில் இருக்கும். பழைய இரும்புக் கடை முதலாளியான தவுக்கேயிடம் கேட்டால் இந்தச் சின்னப் பலகைகளைச் சில வெள்ளிக்குக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேண்டியது கனமான செம்பும் இரும்பும்தான்.

கம்பிக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும். அதற்குத் தனியாகவே எழுதுகிறேன்.

எதையெல்லாம் பிரிக்கக் கூடாது?

இதைப் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நின்றது. அதற்கு முன்னும் பின்னுமாக எத்தனையோ வீடுகளில் இருந்து பெட்டி டிவிகள் வெளியே வந்தன. இன்னும் லயத்து (தோட்டத் தொழிலாளர்) வீடுகளின் பின்பக்கம் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்க்கிறேன். அந்தக் கண்ணாடிக் குழாய் 20,000 வோல்ட்டுக்கு மேல் வாங்கி ஓடியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்னேற்றம் தங்கும். குழாயின் கழுத்து உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி வெடிக்கும். டிவியின் பின்மூடியைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது.

மைக்ரோவேவ் அடுப்பு இன்னும் மோசம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் தரும் 2,000 வோல்ட், ஆளைக் கொல்லும் அளவு கரண்டோடு வரும். இதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இணையத்தில் யாரோ அதை வைத்துக் காணொளி போட்டிருந்தாலும் நீங்கள் தொடாதீர்கள்.

கணினி பவர் சப்ளை, போன் சார்ஜர், பழைய எல்சிடி டிவி ஆகியவற்றில் பிளக் பக்கத்தில் ஒரு பெரிய மின்தேக்கி இருக்கும். 240 வோல்ட் மாறுமின்சாரத்தைத் திருத்தினால் ஏறக்குறைய 340 வோல்ட் வரும். அந்த மின்தேக்கியில் நிற்பது அதுதான். பழைய கேமராவின் பிளாஷில் 300 வோல்ட் இருக்கும். கேமராவில் பேட்டரி மட்டும்தானே என்று பலர் ஏமாந்து விரலைச் சுட்டுக்கொள்கிறார்கள். வீங்கிய போன் பேட்டரி, லேப்டாப் பேட்டரி எதையும் குத்தவோ பிரிக்கவோ வேண்டாம்.

என் கணக்கு எளிது. அந்தச் சாமான் வேலை செய்த காலத்தில் பேட்டரியில் மட்டுமே ஓடியதா, பிளாஷ் இல்லையா, அப்படியானால் பிரிக்கலாம். சுவர் பிளக்கில் ஓடியது என்றால் பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துச் சொல்லட்டும்.

மெல்லிய செம்புக் கம்பியைப் பழைய காத்தாடி மோட்டாரில் இருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, பல மோட்டார்களில் சுற்றி முடித்த பிறகு வார்னிஷ் ஊற்றிவிடுவார்கள். கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது துண்டு துண்டாகப் போகும். இரண்டு, விலை குறைந்த காத்தாடிகளில் செம்பு நிற எனாமல் பூசிய அலுமினியக் கம்பி வருகிறது. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நுனியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவந்து தெரிந்தால் செம்பு. வெள்ளி மாதிரி பளிச்சிட்டால் அலுமினியம், அதில் பற்றவைக்கும் சாதாரண ஈயம் ஒட்டாது.

இதைவிட நல்ல இடம், பழைய கனமான அடாப்டர். தொலைபேசிக்கும் கேசட் பிளேயருக்கும் வந்ததே, கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கும், அதுதான். இதுவும் சுவர் பிளக்கில் ஓடியதுதான், அதனால் பெரியவர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகு, பிளக்கில் இருந்து பிடுங்கி, மூடியைத் திறந்து, டையோடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மின்தேக்கியின் இரண்டு காலையும் ஒரு ரெசிஸ்டரால் இணைத்து, மிச்ச மின்சாரம் வடிய விடுங்கள். அப்புறம் இரும்புத் தகடுகளில் ஓரத்தில் இருப்பதை மெல்லிய கத்தியால் நெம்புங்கள். முதல் தகடு மட்டும்தான் அடம் பிடிக்கும். அது வந்துவிட்டால் மற்றவை வரிசையாக வரும். உள்ளே பிளாஸ்டிக் உருளையில் இரண்டு தனித்தனிச் சுருள் இருக்கும். தடித்த கம்பி வெளிப்பக்கத்துக்கு, தலைமுடி மாதிரி மெல்லியது சுவர்ப்பக்கத்துக்கு. அந்த மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று இருக்கும். ஒரு அடாப்டரில் இருந்தே நாலைந்து பிள்ளைகளுக்குச் சுருள் சுற்றலாம். பொதுவாக 0.1 மில்லிமீட்டர் இருக்கும், மெதுவாக இழுக்க வேண்டும்.

0.2 மில்லிமீட்டர் கம்பி கிடைத்தால் முதல் முயற்சிக்கு அதுவே சுகம். எதுவும் கிடைக்காவிட்டால் கடையில் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எத்தனை சுற்று? எப்படிச் சுற்றுவது?

20 மில்லிமீட்டர் குழாயில் 0.2 மில்லிமீட்டர் கம்பி 300 சுற்று. எனாமலோடு சேர்த்துச் சுருளின் உயரம் ஆறரை சென்டிமீட்டர் அளவில் வரும், கம்பி 19 மீட்டர் பிடிக்கும். சுற்று ஒன்றையொன்று ஒட்டியபடி, ஒரே அடுக்காக இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால், வோல்ட் அதிகம் உள்ள சுற்றும் குறைவான சுற்றும் பக்கத்தில் வந்து எனாமலைத் துளைக்கும்.

குழாயைத் துணியால் துடைத்துக் காய வையுங்கள். அடியில் ஒரு விரல் அளவு இடம் விட்டு ஊசியால் ஒரு துளை போட்டு, கம்பியின் ஒரு சாண் நீளத்தை உள்ளே விட்டு டேப்பால் ஒட்டுங்கள். அப்புறம் கம்பிச் சுருளைக் கால் விரலுக்கும் தரைக்கும் நடுவே லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழாயை இரண்டு கையாலும் உருட்டுங்கள். கம்பியைக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள், முறுக்கு ஏறி அறுந்துவிடும். இடது கட்டைவிரல் நகம் கடைசிச் சுற்றின் மேலேயே இருக்கட்டும். புதுச் சுற்று பழையதோடு ஒட்டி உட்காரும்போது நகத்தில் சின்னதாக ஒரு 'டிக்' தெரியும். அது தெரியாவிட்டால் இடைவெளி விழுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே பின்னால் தள்ளிச் சரி செய்யலாம். ஐம்பது சுற்றுக்கு ஒரு முறை டேப் ஒட்டிவிட்டால், கை நழுவினாலும் முழுதும் அவிழாது.

முடிந்ததும் இரு நுனியையும் சுரண்டி மல்டிமீட்டரில் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) பாருங்கள். 19 மீட்டருக்கு 10 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது எனாமல் சரியாகச் சுரண்டவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

முதல் சுருள் சுலபம். தடித்த ஒயர் 3 அல்லது 4 சுற்று, மெல்லிய சுருளின் அடிப்பகுதியைச் சுற்றி, சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு. ஒயரின் பிளாஸ்டிக் உறையை எடுக்க வேண்டாம்.

எந்த டிரான்சிஸ்டர் நல்லது? கையில் கிடைத்ததைப் போடலாமா?

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகள் முதல் முறையாக டிரான்சிஸ்டரின் அளவு அட்டவணையை (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) எடுத்துப் படிக்கிறார்கள்.

மேலே சொன்ன சுருளின் தூண்டல் அளவு (மின்சார மாற்றத்தை எதிர்க்கும் திறன்) 480 மைக்ரோ ஹென்றி பக்கம் வரும். அதன் சொந்த மின்தேக்கம் (மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் அளவு) ஒன்றிரண்டு பிக்கோ ஃபாரட்தான். கணக்குப் போட்டால் ஒத்திசைவு 5 முதல் 7 மெகாஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. அதாவது டிரான்சிஸ்டர் ஒரு வினாடியில் 50 முதல் 70 லட்சம் முறை திறந்து மூட வேண்டும்.

இணையத்துப் படங்களில் டிஐபி31சி போடச் சொல்வார்கள். 3 ஆம்பியர் தாங்கும், உலோக முதுகு உள்ள பெரிய ஆள். ஆனால் அதன் பெருக்கம் (சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கும் திறன்) ஒன்றாகக் குறைந்துபோகும் அதிர்வெண், அட்டவணைப்படி குறைந்தபட்சம் 3 மெகாஹெர்ட்ஸ்தான். பெரிய சுருளுக்குச் சரி, அங்கே ஒத்திசைவு கீழே இருக்கும். நம் குட்டிச் சுருளுக்கு அது ஈடு கொடுக்காது. எரிந்த சிஎஃப்எல் விளக்கில் இருந்து எடுக்கும் 13003-உம் அப்படித்தான். 400 வோல்ட் தாங்கும், ஆனால் மந்தம், பெருக்கமும் குறைவு.

சின்ன ஆள்கள்தான் இங்கே சூரர்கள். 2என்2222ஏ 250 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும், 40 வோல்ட் தாங்கும். பழைய ரேடியோக்களில் கிடக்கும் சி1815 வேகம் போதும், ஆனால் 150 மில்லி ஆம்பியர்தான் தாங்கும், சீக்கிரம் சூடாகும். எஸ்8050 நல்லது. பிடி139, டி882 இரண்டும் வேகமும் உண்டு, திருகு போட்டு அலுமினியத் தகட்டில் மாட்டவும் முடியும். என்னைக் கேட்டால் பிடி139.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களுக்கும் எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று பெயர். பேஸில் வரும் சின்ன மின்சாரம் மற்ற இரண்டுக்கும் இடையிலான வழியைத் திறக்கும். கால் வரிசையை ஊகிக்காதீர்கள். எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால், சி1815, பிடி139, டி882 மூன்றுக்கும் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். எஸ்8050-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பிளாஸ்டிக் உடல் 2222-இல் தயாரிப்பாளரைப் பொறுத்து வரிசை தலைகீழாகவும் வரும், அதனால் மல்டிமீட்டரில் சோதித்துவிட்டு மாட்டுங்கள்.

எதை எதோடு இணைப்பது?

பேட்டரியின் பிளஸ், முதல் சுருளின் ஒரு நுனிக்கு. முதல் சுருளின் மறு நுனி கலெக்டருக்கு. எமிட்டர் மைனஸுக்கு. மெல்லிய சுருளின் அடி நுனி பேஸுக்கு. அதன் மேல் நுனி எங்கும் போகாது, காற்றில் நிற்கும். 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் பிளஸுக்கும் பேஸுக்கும் நடுவே. எல்இடியின் நீளக் கால் மைனஸுக்கு, குட்டைக் கால் பேஸுக்கு.

எல்இடி தலைகீழாக இருக்கிறதே என்று எல்லாருமே கேட்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். காரணம் அடுத்த பதிலில்.

இது எப்படி வேலை செய்கிறது? படித்த எல்லா விளக்கமும் குழப்புகிறது.

மெதுவாகப் பார்ப்போம். பேட்டரியை மாட்டியதும் ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கு 0.4 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகக் கொஞ்சம் மின்சாரம் வருகிறது. டிரான்சிஸ்டர் திறக்கிறது. முதல் சுருளில் மின்சாரம் ஏறுகிறது, காந்தப்புலம் எழுகிறது. அந்தப் புலம் மெல்லிய சுருளின் 300 சுற்றிலும் வோல்ட்டைத் தூண்டுகிறது. மேல் நுனி உயர்ந்து சுற்றியுள்ள காற்றை நோக்கி மின்னேற்றத்தைத் தள்ளுகிறது. அந்த மின்னேற்றம் எங்கிருந்து வரும்? அடி நுனியில் இருந்து, அதாவது பேஸில் இருந்து. பேஸ் காலியானதும் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்கிறது. புலம் சரிகிறது, மேல் நுனி திரும்பி இறங்குகிறது, பேஸுக்கு மின்சாரம் திரும்புகிறது, டிரான்சிஸ்டர் மறுபடி திறக்கிறது.

பேஸில் இருந்து மின்சாரம் உறிஞ்சப்படும் அந்த நேரத்தில் பேஸ், மைனஸுக்கும் கீழே போகும். அளவு மீறினால் டிரான்சிஸ்டர் கெட்டுவிடும். அப்போது தலைகீழாக வைத்த எல்இடி வழிவிட்டு அதைக் காக்கிறது. வழிவிடும்போது எரியவும் செய்கிறது. ஆகவே எல்இடி எரிந்தால் சுருள் ஊசலாடுகிறது என்று அர்த்தம்.

முக்கியமான விஷயம், எப்போது திறக்க வேண்டும் என்று டிரான்சிஸ்டருக்குச் சொல்வது சுருளேதான். ஸ்பிரிங் போட்ட ஏணையில் பிள்ளையைத் தூங்க வைக்கும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? கீழே இறங்கும் சரியான நேரத்தில் விரலால் லேசாக இழுப்பார், ஏணை தானாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். நேரம் தப்பினால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் துள்ளல் நின்றுபோகும். ஏணையின் வேகத்தை ஸ்பிரிங்கும் பிள்ளையின் எடையும்தான் தீர்மானிக்கின்றன. இங்கே சுருளின் தூண்டலும் மின்தேக்கமும் அதைத் தீர்மானிக்கின்றன.

எல்லாம் சரியாக மாட்டியும் ஒன்றுமே நடக்கவில்லை. என்ன செய்வது?

முதலில் முதல் சுருளின் இரு நுனியையும் மாற்றி மாட்டுங்கள். சுற்றிய திசை தப்பாக இருந்தால், மூட வேண்டிய நேரத்தில் டிரான்சிஸ்டருக்குத் 'திற' என்று செய்தி போகும், ஊசலாட்டம் தொடங்காது. என் கடைக்கு 'வேலை செய்யவில்லை' என்று வருபவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்தில் எழுந்துவிடும்.

அதிலும் எழாவிட்டால் எனாமலைப் பாருங்கள். நுனி பளபளவென்று செம்பாகத் தெரிகிற வரை சுரண்டி ஈயம் வையுங்கள். அடுத்து டிரான்சிஸ்டரின் கால். அடுத்து பேட்டரி: பழைய 9 வோல்ட் பேட்டரி ஓய்வில் 9 காட்டினாலும், சுமை ஏறியதும் 6-க்குக்கூட இறங்கிவிடலாம், அதனால் மாட்டிய நிலையில் அளக்க வேண்டும். பழைய பலகையில் 104 என்று எழுதிய செராமிக் மின்தேக்கி ஒன்றைப் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே, டிரான்சிஸ்டருக்கு ரொம்பப் பக்கத்தில் வையுங்கள். பிரட்போர்டில் (ஈயம் வைக்காமல் செருகும் பலகை) செய்தவர்களுக்கு இது பெரிய உதவி.

எல்இடி மங்கலாக எரிகிறது, விளக்கு எரியவில்லை என்றால் ஒரு விரலைப் பேட்டரியின் மைனஸில் வையுங்கள். பெரும்பாலும் உடனே கூடும். சுருள் காற்றுக்குள் தள்ளும் மின்னேற்றம் திரும்பி வர ஒரு வழி வேண்டும். சின்னப் பேட்டரி அதற்குப் போதாது, உங்கள் உடல் அந்த வழியைப் பெரிதாக்குகிறது. ஒரு பிஸ்கட் டின் மூடியை அடியில் வைத்து மைனஸோடு இணைத்தாலும் அதே பலன்.

டிரான்சிஸ்டர் கொதிக்கிறது, ஆனால் எல்இடி எரியவில்லை என்றால் உடனே கழற்றுங்கள். ஊசலாடாமல் நேராக ஓடுகிறது.

எங்கள் வீட்டு டியூப் லைட் எரியவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பழைய டியூப் எரிகிறது. ஏன்?

உங்களுடையது எல்இடி டியூப். அதற்குள் வாயு இல்லை, சின்ன எல்இடிகளும் ஒரு மின்சுற்றும்தான். பழைய டியூபுக்குள் பாதரச ஆவி இருக்கிறது. சுருளின் மின்புலம் அதைக் கிளர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி வரும், கண்ணாடியின் உட்பூச்சு அதை வெள்ளை ஒளியாக மாற்றும். பியூஸ் போன டியூபும் இங்கே எரியும், ஏனென்றால் இழை தேவையில்லை. உடைந்ததை மட்டும் தொடாதீர்கள், பாதரசம் நஞ்சு.

டியூப் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சமையலறை டிராயரில் கிடக்கும், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பென்னை எடுங்கள். அதற்குள் இருப்பது ஒரு குட்டி நியான் விளக்கு. சுருளின் மேல் நுனிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தொடாமலே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் சட்டென்று அணையும். சுருளைச் சுற்றி அந்த அணையும் இடங்களைத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத மின்புலத்தின் வடிவம் கையில் கிடைத்துவிடும். இந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நீலத் தீப்பொறி வருமா?

9 வோல்ட்டில் எதிர்பார்க்காதீர்கள். உலர்ந்த காற்றைக் கிழிக்க ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் அடாப்டர், பிடி139, முதுகில் அலுமினியத் தகடு, இவற்றோடு மேல் நுனியைக் கூராக விட்டால், இருட்டில் ஊதா நிறத்தில் புள்ளி அளவு தெரியலாம். பெரிய பொறிக்கு ஆசைப்பட்டு வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. 12-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கடையின் சட்டம்.

அடாப்டர் பயன்படுத்தினால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளதாக இருக்கட்டும். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) முத்திரையில்லாமல் விற்கும் சிலவற்றில், சுவர்ப்பக்கத்துக்கும் நம் பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி போதாது.

தொட்டால் ஷாக் அடிக்குமா?

உதறி அடிக்காது, ஆனால் சுடும். இத்தனை வேகமான மின்சாரத்தை நம் நரம்பு ஷாக்காக உணர்வதில்லை. ஷாக் இல்லையே என்று விரலை வைத்துக்கொண்டிருந்தால், ஊசி முனை அளவில் தோல் வெந்து வெள்ளைப் புள்ளி விழும். மேல் நுனியைத் தொடாதீர்கள். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காது கேட்கும் கருவி போட்டவர்கள் இருக்கும் அறையில் இதை ஓட்டவே வேண்டாம். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போனை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், தொடுதிரை தானாக அங்கும் இங்கும் ஓடும்.

அம்மா கேட்கிறார்: இது இடியை வீட்டுக்கு இழுக்குமா?

இழுக்காதும்மா. மேகத்துக்கும் தரைக்கும் நடுவே கோடிக்கணக்கான வோல்ட் நிற்கிறது, அதன் பக்கத்தில் இந்தச் சுருள் ஒன்றுமே இல்லை. ஆனால் நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் சாதாரணம். இடி முழங்கும்போது அடாப்டரைப் பிளக்கில் விட்டு வேலை செய்யாதீர்கள். இடி விழுந்தால் மின்கம்பி வழியாக வீட்டுக்குள் பாயும். அது எந்த மின்சாதனத்துக்கும் பொருந்தும்.

பக்கத்து வீட்டு ரேடியோவைக் கெடுக்குமா?

கொஞ்சம் கெடுக்கும். இது ஒரு சின்ன ஒலிபரப்பி மாதிரிதான், சிற்றலைப் பகுதியில் இரைச்சல் கிளப்பும். லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள் என்பதால், சில வினாடி ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்துவதே மரியாதை. மேல் நுனியில் நீள ஒயரை ஆண்டெனா மாதிரி கட்டவே கூடாது. அலைவரிசைகளுக்குச் சட்டம் உண்டு.

இதில் போன் சார்ஜ் செய்யலாமா? இலவச மின்சாரம் வருமா?

வராது. டியூபில் வரும் ஒளி அத்தனையும் பேட்டரியில் இருந்து போனதுதான், அதிலும் பெரும்பகுதி டிரான்சிஸ்டர் சூடாகவே போய்விடும். உலகத்துக்கே ஒயரில்லாமல் மின்சாரம் அனுப்ப டெஸ்லா 1901-இல் நியூயார்க் பக்கம் ஒரு கோபுரம் கட்டத் தொடங்கினார். பணம் நின்றது, வேலையும் நின்றது.

பள்ளி அறிவியல் விழாவில் வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் விளக்கை எரிய வைத்துக் காட்டுவதோடு நிற்காதீர்கள். நடுவர் இரண்டாவது கேள்வி கேட்டதும் வாய் அடைத்துவிடும். எதையாவது அளந்து கொண்டுபோங்கள்.

நல்ல அளவை: டெஸ்ட் பென்னின் நியான் அணையும் தூரம். ஒரு ரூலரை மேசையில் ஒட்டி, பென்னை எப்போதும் ஒரே மாதிரி பிடித்து நகர்த்துங்கள். முதலில் முதல் சுருளை 2, 3, 4, 5 சுற்று என்று மாற்றிப் பாருங்கள். அப்புறம் மேல் நுனியில் அலுமினியத் தாள் சுற்றிய பிங்பாங் பந்தை வைத்துப் பாருங்கள். பந்து வைத்தால் மின்தேக்கம் கூடும், ஒத்திசைவு இறங்கும். சிற்றலை உள்ள ரேடியோ கிடைத்தால், இரைச்சல் எந்த இடத்தில் உச்சமாக இருக்கிறது என்று முள்ளைத் திருப்பிப் பார்த்தே அந்த இறக்கத்தைக் காட்டலாம். வீட்டில் செய்யும் சோதனையில் இதைவிட அழகான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் பேட்டரி வோல்ட்டையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் தூரம் குறைந்தது சுற்றாலா, பேட்டரி இறங்கியதாலா என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டரைச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஏதேதோ எண் காட்டும், அதை நம்பாதீர்கள். பேட்டரி ஒயரைக் கொஞ்சம் நீளமாக விட்டு, தள்ளி வைத்து அளவெடுங்கள்.

விழா நேரத்தில் சுருளை அரை நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். மாற்று டிரான்சிஸ்டர் இரண்டு சட்டைப் பையில் இருக்கட்டும்.

எந்த வயதுப் பிள்ளை செய்யலாம்?

சுருள் சுற்ற, ஆரம்பப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளை போதும். ஈயம் வைக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். பிரிக்கும் வேலைக்கு மேலே சொன்ன கணக்குத்தான்.

மிச்சமான பலகைகளையும் ஒயர்களையும் என்ன செய்வது?

எரிக்காதீர்கள். செம்பு எடுப்பதற்காக ஒயரைக் கொளுத்தும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பிவிசி எரியும் புகை நுரையீரலுக்குக் கேடு, நச்சு சாம்பல் மண்ணிலும் ஓடையிலும் கலக்கிறது. உறையைப் பிளேடால் உரித்துக் கொடுத்தால் தவுக்கே எரித்த செம்பைவிட நல்ல விலை தருவார். மின்னணுக் கழிவு மலேசியச் சட்டப்படி எஸ்டபிள்யூ110 என்ற வகையில் வரும் அட்டவணைக் கழிவு, சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. பலகைகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய டியூப் லைட்டை உடையாமல் அட்டையில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியில்லாதவர்கள் என் கடைக்குக் கொண்டுவாருங்கள். அதில் இருந்து அடுத்த பிள்ளைக்கு ஒரு டிரான்சிஸ்டராவது கிடைக்கும்.